நூற்று இருபதுக்கு எண்பது

அருப்புக்கோட்டை ஆரோக்கியத் துளிர் அறக்கட்டளையின் கணினியைக் கேட்டால், மேலச்சுண்டங்குளத்தில் வீடு என்று ஒன்று கிடையாது. அந்த ஊரில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, படுத்த படுக்கை என்று பதிவான நூற்றுப்பன்னிரண்டு நோயாளிகளும் ரேஷன் கடையில்தான் குடியிருக்கிறார்கள். அரிசி மூட்டைக்கும் பாமாயில் பெட்டிக்கும் நடுவில் அவர்கள் எப்படிப் படுத்து எழுந்திருக்கிறார்கள் என்று கணினி கேட்டதில்லை. இத்தனை பேரையும் அங்கே குடிவைத்த புண்ணியவதி அதே ஊர் ஜெகதீஸ்வரி.

ஜெகதீஸ்வரிக்கு முப்பத்தொன்பது வயது. பன்னிரண்டாவதில் நல்ல மதிப்பெண் வாங்கியவள். நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த சமயத்தில் வீரபாண்டிக்குக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவன் பந்தல்குடியில் லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் நான்கு நாள் தூத்துக்குடி ரோட்டிலேயே கிடப்பான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அறக்கட்டளை 'வீடு தேடி நலம்' என்று ஒரு திட்டம் போட்டு, ஊருக்கு ஒரு பெண் வேண்டும் என்று தேடியபோது இவள் முதல் ஆளாகப் போய் நின்றாள். ஊதா நிறத்தில் ஒரு கோட்டு, ஒரு தோள்பை, பைக்குள் ரத்தக்கொதிப்பு பார்க்கிற மெஷின், சர்க்கரை பார்க்கிற மெஷின், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு செல்போன் கொடுத்தார்கள். கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினால் அவள் நடையே மாறிவிடும். அது அவளுக்கும் தெரியும்; அதில் அவளுக்கு ரொம்பச் சந்தோஷம்.

அடையாள அட்டையில் 'தன்னார்வலர்' என்று போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் அந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. வேலை சொல்லும்போது ஊழியரைப் போலச் சொல்வார்கள். விடுப்பு கேட்டால் மட்டும், "நீங்களா ஆசைப்பட்டு வந்தவங்கதானம்மா" என்பார்கள்.

திட்டத்தை வகுத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். பகலில் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து ஆள் வந்து திறக்கும் என்று நம்பியவர்கள். மேலச்சுண்டங்குளத்தில் காலை ஏழு மணிக்கு மேல் கதவைத் தட்டினால் கோழிதான் வெளியே வரும். மானாவாரிக் காடு, மழை பெய்தால் களையெடுப்பு, பெய்யாவிட்டால் கருவேல விறகு வெட்டு, கரிமூட்டம் போடுவது. இளவட்டங்களை விடியுமுன்னே மில்லு வண்டி அள்ளிக்கொண்டு போய்விடும். ஜெகதீஸ்வரி முதல் வாரம் முழுக்க வீடு வீடாகப் போய்ப் பூட்டுகளைப் பரிசோதித்துவிட்டு வந்தாள்.

மாதக் கடைசி வந்தது. முப்பது வயதுக்கு மேற்பட்ட முந்நூற்று நாற்பது பேரையும் நாளை மாலைக்குள் பரிசோதித்துப் பதிய வேண்டும் என்று ஒருங்கிணைப்பாளர் அழகுராஜா போனில் சொன்னார். அழகுராஜா கெட்டவர் இல்லை. மேலிருந்து வருகிற கோபத்தைக் கொஞ்சம்கூடச் சிந்தாமல் கீழே இறக்கிவைப்பது அவர் வேலை. அதை ஒழுங்காகச் செய்கிறவர்.

நல்லவேளை, மறுநாள் ரேஷன் கடை திறக்கிற நாள். ஊரே வேலைக்குப் போகாமல் வரிசையில் நிற்கிற நாள் அது ஒன்றுதான். ஜெகதீஸ்வரி கடை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். வரிசையில் நின்றவர்களின் கையைப் பிடித்துப் பட்டை சுற்றி, விரலில் குத்தி, ஒவ்வொருவராகப் பதிந்தாள். நோய் இருக்கிறவர்களை நோயாளி என்று பதியும்போது, செல்போனில் இருந்த செயலி, 'இதுவே நோயாளியின் வீடு' என்று அந்த இடத்தைத் தானாகவே குறித்துக்கொண்டது. அப்படிக் குறிக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நூற்றுப்பன்னிரண்டு வீட்டுக்கு ஓடியிருக்கப் போவதில்லை.

பொழுது சாயும்போது நாற்பது பேர் பாக்கி. காட்டில் இருந்தவர்கள், வெளியூர் போனவர்கள், வீட்டைவிட்டு நகர முடியாதவர்கள். நாற்பது பேருக்கும் ஜெகதீஸ்வரி, 'நூற்று இருபதுக்கு எண்பது, நலம்' என்று வரிசையாகத் தட்டிவிட்டாள். அது ஒன்றும் பெரிய குற்றமாக அவளுக்குத் தோன்றவில்லை. பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்த பழைய தன்னார்வலர் சொல்லிக்கொடுத்ததுதான். ஆளைப் பார்க்க முடியாதபோது போடுகிற எண் அது. அறக்கட்டளையில் எல்லோருடைய விரலுக்கும் பழகிப்போன எண். செயலி பச்சைப் புள்ளி வைத்து, 'நன்றி' என்றது.

இதற்கு அப்புறம்தான் வேடிக்கை.

மாதாமாதம் நோயாளியை அவர் வீட்டிலேயே பார்க்க வேண்டும். வீட்டிலிருந்து முப்பது மீட்டருக்கு அப்பால் போனால் செயலி, 'நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள்' என்று சொல்லிப் பூட்டிக்கொள்ளும். ஆகவே சர்க்கரை நோயாளி பொன்னுச்சாமியை அவர் வீட்டுக் கட்டிலில் உட்காரவைத்துப் பார்த்தால் அது தவறான இடம். அவரை ரேஷன் கடைக்குக் கூட்டிவந்து பார்த்தால் அது சொந்த வீடு. ஜெகதீஸ்வரி வேறு வழியில்லாமல் மாதாமாதம் ரேஷன் வரிசையிலேயே நாற்காலி போட்டாள்.

ரேஷன் வரிசையில் நிற்கிறவனுக்கு ரத்தக்கொதிப்பு எப்படி இருக்கும்? விறகு வெட்டித் தேய்ந்த விரலை இயந்திரத்தில் வைத்தால் ரேகை விழாது. ஒரு விரல், இரண்டாவது விரல், பத்து விரல் என்று வைத்துப் பார்த்து, கடைசியில் விற்பனையாளர் மாதவன், "நாளைக்கு வாங்கண்ணாச்சி" என்பார். அந்த வார்த்தை காதில் விழுந்த நிமிஷத்தில் ஜெகதீஸ்வரி பட்டையைச் சுற்றுவாள். நூற்று எழுபது, நூற்று எண்பது என்று மெஷின் ஏறும். முன்னால் நிற்பவர் வரிசையில் இடையில் நுழைந்துவிட்டால் பின்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் சேர்ந்து ஏறும்.

ஒரு வருஷத்தில் அறக்கட்டளையின் வரைபடத்தில் மேலச்சுண்டங்குளம் சிவந்துபோனது. திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில் இத்தனை கொதிப்பு எங்கேயும் இல்லை. காரணம் கண்டுபிடிக்கக் குழு வந்தது. ஊர்க் குழாய்த் தண்ணீரைப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வீடு ஊறுகாயைத் தொட்டு நக்கிப் பார்த்து எழுதிக்கொண்டது. கருவாட்டை எடைபோட்டது. 'உப்பைக் குறைப்போம்' என்று ரேஷன் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனது. அந்தச் சுவருக்குக் கீழேதான் எல்லோரும் மறுமாதமும் வரிசையில் நின்று கொதித்தார்கள்.

"சார், எடத்தை மாத்திக் குடுத்துருங்க சார். எல்லாருக்கும் அவுகவுக வீட்டைப் போட்டுருவோம்" என்று ஜெகதீஸ்வரி அழகுராஜாவிடம் கேட்காமல் இல்லை.

"மாத்தலாம்மா. மாத்தணும்னா திருத்தப் படிவம் அனுப்பணும். அனுப்புனா, மொதல்ல தப்பாப் போட்டது யாருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல ஒங்க பேரைப் போடுறதா, எம் பேரைப் போடுறதா?"

அவள் திரும்பி வந்துவிட்டாள். அந்தக் கட்டத்துக்குப் பயந்தே அறக்கட்டளையில் பல விஷயங்கள் அப்படியே இருந்தன.

இதுவரைக்கும் சிரிக்கிற கதைதான். சிரிக்க முடியாமல் ஆனது உக்கிரபாண்டி விஷயத்தில்.

உக்கிரபாண்டிக்கு ஐம்பத்தெட்டு வயது. நான்கு ஏக்கர் மானாவாரியில் பயிர் செய்த சம்சாரி. மூன்றரை வருஷத்துக்கு முன்னால் கருவேல விறகு லோடு ஏற்றும்போது லாரி மேலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. சிறுநீருக்குக் குழாய், முதுகுக்குக் கீழே படுக்கைப் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். புரட்டுவது அவர் மனைவி ராக்கம்மாள். பிள்ளைகள் இல்லை. பதிவு நாளன்று ராக்கம்மாளால் இவரை விட்டுவிட்டு வர முடியாமல், ரேஷன் கார்டைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்பினாள். ஜெகதீஸ்வரி அந்தக் கார்டைப் பார்த்தே உக்கிரபாண்டியைப் படுக்கை நோயாளி என்று பதிந்தாள். ஆகக் கணினிக் கணக்கில் அவரும் ரேஷன் கடைவாசி.

படுக்கை நோயாளிக்கு அறக்கட்டளை மாதாமாதம் குழாய், பை, புண்ணுக்குப் போடுகிற துணி, மருந்து எல்லாம் அனுப்பும். தண்ணீர் மெத்தை ஒன்றும் கொடுத்திருந்தது. குழாய் மாற்ற நர்ஸ் வருவார். ஜெகதீஸ்வரி வாரத்துக்கு மூன்று நாள் அந்த வீட்டுக்குப் போய்ப் புண்ணைத் துடைத்துக் கட்டிவிட்டு வருவாள். அதைப் பதிய முடியாது என்பது வேறு விஷயம். வீட்டில் அவரைப் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு, ரேஷன் கடையில் போய் நின்று ஏற்றிவிடுவாள். இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

இந்த வருஷம் சித்திரையில் செயலி புதுப்பிக்கப்பட்டது. பழைய போட்டோ செல்லாது. நின்ற இடத்திலேயே நேரடியாக எடுக்க வேண்டும். தொடர்ந்து மூன்று மாதம் பார்க்கப்படாத நோயாளியை அதுவே 'இடம்பெயர்ந்தவர்' என்று பட்டியலிலிருந்து நீக்கிவிடும். எழுந்து உட்கார முடியாத உக்கிரபாண்டி ஆடி ஒன்றாம் தேதி ஊரைவிட்டுப் போகப்போகிறார் என்று ஜெகதீஸ்வரியின் போனுக்குத் தகவல் வந்தது. அன்றோடு குழாயும் நிற்கும், துணியும் நிற்கும், நர்ஸும் வரமாட்டார்.

அவள் பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு ஓடினாள்.

"ஒரு ஆட்டோ பிடிச்சு ரேஷன் கடைக்குக் கூட்டிட்டு வந்து ஒரு போட்டோ எடுத்துருங்களேன்" என்றார் அழகுராஜா.

"புண்ணு இப்பத்தான் ஆறுது சார். ஆட்டோவுல தூக்கி வச்சா திரும்பக் கிழிஞ்சு போகும்."

அழகுராஜா யோசித்தார். "அதுவும் சரிதான். அதோட, போட்டோவுல கடை தெரிஞ்சா, கடைக்கு வர முடியிற ஆளுக்கு வீட்டுச் சேவை எதுக்குன்னு அது ஒரு கேள்வி கேட்டு, அதுலயும் நீக்கிரும்."

"புதுசாப் பதிஞ்சா?"

"ஏற்கெனவே இருக்காருன்னு சொல்லும். ஒரு ஆளு ரெண்டு தடவை பொறக்க முடியாதில்ல?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். "வீட்ல வேற யாரு இருக்கா?"

"ராக்கம்மா மதினி மட்டுந்தான்."

"அவங்க நோயாளிப் பட்டியல்ல இருக்காங்களா?"

"இல்ல சார். நலம்னுதான் இருக்கு."

"அப்ப அவங்களுக்கு வீட்டு இடம் குறிச்சிருக்காது. இன்னைக்கே அந்த வீட்ல நின்னு அவங்களைப் படுக்கை நோயாளின்னு பதிங்க. பொருள் அந்த வீட்டுக்குத்தான வருது? யாருக்குப் போட்டா என்ன? நான் சொன்னேன்னு மட்டும் எங்கயும் சொல்லிராதீங்க."

மூன்று வருஷத்தில் அறக்கட்டளை அலுவலகத்தில் அவள் கேட்ட ஒரே உருப்படியான யோசனை அது.

சாயங்காலமே போய்ச் சேர்ந்தாள். ராக்கம்மாள் தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆட்டுக்குக் குழை போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பத்திரண்டு வயது, வெயிலில் வெந்து கறுத்த மெலிந்த உடம்பு. விஷயத்தைக் கேட்டதும், "என்னத்தையாவது எழுதிக்க தாயி. அவுகளுக்குக் குழாய் வந்தாச் சரி" என்றாள். அப்படியே, "ஒரு தலைவலி மாத்திரை இருந்தாக் குடுத்துட்டுப் போ" என்றும் சொன்னாள். ஜெகதீஸ்வரி பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். போனில் 'படுத்த படுக்கை' என்பதைத் தொட்டாள். ரத்தக்கொதிப்பு எவ்வளவு என்று கேட்டுவிட்டு, செயலியே பழைய பதிவைத் தேடியெடுத்து 'நூற்று இருபதுக்கு எண்பது' என்று காட்டியது. அதையே வைத்துக்கொள்ளலாமா என்றது. வைத்துக்கொள் என்று அமுக்கினாள். மெஷின் பையிலேயே இருந்தது.

ஆடி பிறந்தது. உக்கிரபாண்டி கணினிக் கணக்கில் ஊரைவிட்டுப் போனார். ராக்கம்மாள் பெயரில் குழாயும் துணியும் வந்து இறங்கின. ஜெகதீஸ்வரிக்குத் தன்மேலேயே ஒரு மதிப்பு வந்தது. இவ்வளவு பெரிய அலுவலகத்தை ஒரு ஒற்றைப் பதிவில் மடக்கிவிட்டோம் என்று வீரபாண்டியிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

இருபது நாள்கூட ஆகவில்லை. அருப்புக்கோட்டையில் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் சுகப்பிரியா ஒரு அதிசயத்தைக் கண்டுபிடித்தார். ஊர் முழுக்கச் சிவப்பு. நடமாடுகிற நோயாளிகள் அத்தனை பேருக்கும் கொதிப்பு. படுத்த படுக்கையாகக் கிடக்கிற ஒரு பெண்ணுக்கு மட்டும் குழந்தையின் ரத்தம்போல நூற்று இருபதுக்கு எண்பது. இந்தப் பெண் என்ன சாப்பிடுகிறார், எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார் என்று நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று கிளம்பிவிட்டார். டாக்டர் புதிது, அலுவலகத்தில் சொல்கிற எண்களை நம்புகிற பருவம்.

"ஒரு மணி நேரத்துல அங்க இருப்போம். அந்தம்மாவைப் படுக்க வைங்க" என்று அழகுராஜாவின் குரல் போனில் நடுங்கியது.

ஜெகதீஸ்வரி ஓடினாள். வீட்டில் ஒரே கட்டில், அதில் தண்ணீர் மெத்தை, அதில் உக்கிரபாண்டி. அவரை எங்கே கொண்டுபோய் மறைப்பது? கழுத்துவரைக்கும் போர்வையை இழுத்துப் போர்த்தி, "அண்ணே, ஒங்களுக்குக் காய்ச்சல். வேற ஒண்ணும் இல்ல" என்றாள். சிறுநீர்ப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ராக்கம்மாளுக்கு ஒரு பாயை விரித்தாள்.

ராக்கம்மாள் படுக்க மாட்டேன் என்றாள். அடுப்பில் கம்பங்கூழ் கொதிக்கிறது என்றாள். ஆடு கத்துகிறது என்றாள். பகலில் படுத்தால் ஊர் என்ன சொல்லும் என்றாள். ஜெகதீஸ்வரி தோளைப் பிடித்து அமுக்கிப் படுக்கவைத்தாள்.

"கட்டி இருபத்தெட்டு வருசம் ஆகுது. பகல்ல நீ படுத்து இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார் உக்கிரபாண்டி கட்டிலிலிருந்து. கேலிக்குத்தான் சொன்னார். ராக்கம்மாள் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

கார் வந்து நின்றது. டாக்டர் குனிந்து உள்ளே வந்து பாயில் அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். அழகுராஜா வாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றார்.

"காலையில என்னம்மா சாப்பிடுவீங்க?"

ராக்கம்மாளுக்குப் பொய் வராது. உக்கிரபாண்டி முந்திக்கொண்டார். "கூழுதாங்கம்மா. எனக்கு ஊத்துனது போக மிச்சம் இருந்தா."

"உப்பு?"

"உப்பு நெறையப் போடுவாக" என்றார் உக்கிரபாண்டி. டாக்டர் ஆச்சரியத்தோடு எழுதிக்கொண்டார்.

பிறகு தம்முடைய மெஷினை எடுத்து ராக்கம்மாளின் கையில் பட்டையைச் சுற்றினார். மெஷின் உறுமியது, நின்றது. டாக்டர் அதைத் தட்டிப் பார்த்தார். மறு கையில் சுற்றினார். பிறகு ஜெகதீஸ்வரியிடம் கையை நீட்டி அவளுடைய மெஷினை வாங்கிச் சுற்றினார். இருநூற்றுப் பன்னிரண்டுக்கு நூற்று இருபத்து நான்கு. மூன்று தடவையும் கிட்டத்தட்ட அதேதான்.

"தலை வலிக்குதாம்மா?"

"அது எப்பவும் உள்ளதுதான்."

"எப்ப இருந்து?"

"இவுக விழுந்ததுல இருந்து. ஒரு துணியக் கட்டிக்கிட்டா வேலை ஓடிரும். இப்ப நாலஞ்சு நாளா கண்ணுதான் ரெண்டு ரெண்டாத் தெரியுது."

டாக்டர் திரும்பினார். "இவங்களுக்கு நூத்தியிருபதுக்கு எண்பதுன்னு பாத்தது யாரு?"

அழகுராஜா ஜெகதீஸ்வரியைப் பார்த்தார். ஜெகதீஸ்வரிக்குக் கோட்டு உடம்பில் ஒட்டியது. மூன்று வருஷம், வாரத்துக்கு மூன்று நாள், இந்த வீட்டுக்குள் பையோடு வந்து போயிருக்கிறாள். ராக்கம்மாள் கையால் எத்தனை தம்ளர் மோர் வாங்கிக் குடித்திருப்பாள், எத்தனை மாத்திரை கொடுத்திருப்பாள். நீட்டிய அந்தக் கையை ஒரே ஒரு தடவை பிடித்துப் பட்டை சுற்றத் தோன்றவில்லை. வெட்கத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

"யாரும் பாக்கலை டாக்டர். நான் அளக்காமலே போட்டது" என்றாள்.

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தாள். அதற்கு அவருக்கு நேரமில்லை. "உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிரும். தூக்குங்க" என்றார்.

தூக்கத் தேவையே இருக்கவில்லை. படுத்த படுக்கையான ராக்கம்மாள் ஒரே மூச்சில் எழுந்து நின்று, முந்தானையைச் செருகிக்கொண்டாள்.

"நான் எங்கிட்டும் வரலை. பன்னெண்டு மணிக்கு இவுகளைத் திருப்பிப் போடணும். நான் போயிட்டா யாரு திருப்புறது?"

அதோடு எல்லாம் வெளியே வந்துவிட்டது. டாக்டர் எழுந்து நிற்கிறவளைப் பார்த்தார். கட்டிலில் காய்ச்சலோடு படுத்திருந்தவரைப் பார்த்தார். போர்வையை மெதுவாக விலக்கினார். குழாயையும் புண்ணையும் பார்த்தார். புண் சுத்தமாக இருந்தது. கட்டு அன்றைக்குக் காலையில் போட்டது. அழகுராஜா போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"நான் திருப்பிப் போடுறேன் மதினி. நீங்க வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன். போயிட்டு வாங்க" என்றாள் ஜெகதீஸ்வரி.

ராக்கம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இடது பக்கந்தான் மொதல்ல. தலைகாணிய முட்டிக்கு நடுவுல வையி" என்று சொல்லிவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் அவளும் அவருக்குப் பக்கத்தில் பாய்விரித்திருக்க வேண்டியதுதான் என்று அங்கே சொன்னார்களாம். அந்த ஆறு நாளும் ஜெகதீஸ்வரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உக்கிரபாண்டியைப் புரட்டினாள். இரண்டாவது நாளே அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. இதை ஒருத்தி மூன்றரை வருஷம் செய்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. கணினிமேல் படலாம், அழகுராஜாமேல் படலாம். இரண்டும் சுலபமாக இருந்ததால் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அறக்கட்டளை இதை வீணாக்கவில்லை. மூன்று வருஷமாக முடியாத இடத் திருத்தம், டாக்டர் சத்தம் போட்டதும், உக்கிரபாண்டி ஒருவருக்கு மட்டும் ஒன்பது நிமிஷத்தில் முடிந்து, கணினிக் கணக்கில் அவர் ஊர் திரும்பினார். தப்பு செய்தது யார் என்ற கட்டத்தில் 'மழை' என்று போட்டிருந்தார்கள். மீதி ஆட்கள் இன்னும் ரேஷன் கடையில்தான் இருக்கிறார்கள். 'வீடு தேடிச் சென்றதால் காப்பாற்றப்பட்ட உயிர்' என்று அழகுராஜா ஒரு வெற்றிக்கதை எழுதினார். அதில் போடுவதற்கு ஜெகதீஸ்வரி கோட்டோடு சிரிக்கிற போட்டோ ஒன்று கேட்டார். அவள் அனுப்பவில்லை. அவரே பழைய போட்டோ ஒன்றைப் போட்டுக்கொண்டார். ஜெகதீஸ்வரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதில் பெயரை ஜெயலட்சுமி என்று அடித்திருந்தார்கள்.

அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினாள். அன்றைக்கு அளக்காமல் பச்சைப் புள்ளி வைத்த நாற்பது பேரையும் வரிசையாக எழுதினாள். கோழி கூப்பிடும்போதே, ஆட்கள் காட்டுக்குக் கிளம்புமுன்னே, ஒரு நாளைக்கு மூன்று நான்கு வீடு. செல்போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதைக் கொண்டுபோனால் தவறான இடம் என்று கத்தும். நாற்பதில் ஒன்பது பேருக்குக் கொதிப்பு இருந்தது. ஒருவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கணினியில் அவர் இன்னும் நூற்று இருபதுக்கு எண்பதோடு நலமாக இருந்தார். அந்த வீட்டில் ஜெகதீஸ்வரி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தாள்.

நாற்பதாவது பெயர் ராக்கம்மாள். ஆவணி மாதம், ஒரு விடிகாலையில் போனாள். ராக்கம்மாள் தலையில் துணி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். நூற்று நாற்பதுக்குத் தொண்ணூறு. ஜெகதீஸ்வரி நோட்டில் எழுதி, அடியில் கோடு போட்டாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் ராக்கம்மாள்.

"முடிஞ்சுது மதினி. நாப்பதும் ஆச்சு."

"ஒனக்கு எவ்வளவு?"

"எனக்கா? எனக்கு நூத்தியிருபதுக்கு எண்பது." கேட்டதும் வாய் தானாகச் சொன்னது. வேலைக்குச் சேர்ந்த அன்று, தன்னார்வலர் உடல்நலம் என்ற கட்டத்தில் அவளே எழுதிக்கொடுத்தது.

"அளந்தியா?"

ஜெகதீஸ்வரி மடியில் இருந்த மெஷினைப் பார்த்தாள். உக்கிரபாண்டி கட்டிலிலிருந்து கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். ராக்கம்மாள் அவள் மடியிலிருந்து மெஷினை எடுத்தாள். தனக்கு இத்தனை தடவை சுற்றியதைப் பார்த்தே பழகியிருந்தாள். "கைய நீட்டு" என்று சொல்லி, ஊதா கோட்டின் கையைத் தோள்வரைக்கும் சுருட்டிவிட்டு, பட்டையைச் சுற்றிப் பொத்தானை அமுக்கினாள்.

மெஷின் உறுமி ஏறியது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூற்று அறுபத்து நான்குக்கு நூறு என்று நின்றது.

"எழுதிக்க" என்றாள் ராக்கம்மாள்.

ஜெகதீஸ்வரி போட்ட கோட்டுக்குக் கீழே, நாற்பத்தோராவது ஆளாகத் தன் பெயரை எழுதினாள்.